கேள்விக்கு ஓர் எண், சான்றுக்கு ஒரு முகவரி

மருதமலைப் படியில் பாதி ஏறியிருந்தோம். யாரோ ஒருவர் கையிலிருந்து தேங்காய் மூடியைப் பறித்த குரங்கு, சுவரில் உட்கார்ந்து அதைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி மகள் நின்று பார்த்தாள். "ஏனுங்க பெரியப்பா, குரங்குல இருந்துதான் மனுசன் வந்தான்னு சொல்றாங்கல்லங்க? அப்பறம் இதெல்லாம் ஏன் இன்னும் குரங்காவே இருக்குது?"

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று ஒரு பாடம் உண்டு. அதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவள்தான் அவள். பாடம் முடிந்தும் கேள்வி முடியவில்லை. அதில் அவள் குற்றம் ஒன்றுமில்லை. இதே கேள்வியைக் கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், டவுன் பஸ்ஸில் கேட்டிருக்கிறேன், படித்த டாக்டர் ஒருவர் வாயாலும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து விளக்கத் தொடங்குவேன். பாதியில் இறங்கும் இடம் வந்துவிடும். அடுத்த முறை மறுபடியும் அடியிலிருந்து.

எங்கள் பக்கத்தில் வரப்புத் தகராறு வந்தால் இரண்டு தோட்டத்துக்காரர்களும் நாள் முழுக்கச் சத்தம் போடுவார்கள். தீராது. கடைசியில் புலப்படத்தை விரிப்பார்கள். சர்வே எண்ணைப் பார்த்து, சங்கிலி பிடித்து அளந்து, மண் மூடிக் கிடக்கும் சர்வே கல்லைத் தோண்டி எடுப்பார்கள். நிலம் யாரிடமிருந்து வந்தது என்பதற்கு மூலப்பத்திரம் கேட்பார்கள். இடையில் விற்றதும் அடமானம் வைத்ததும் வில்லங்கச் சான்றில் தெரியும். படைப்பா, பரிணாமமா என்ற வாதத்துக்கும் இந்த ஏற்பாடுதான் வேண்டும் என்பது என் எண்ணம். கேள்விக்கு ஓர் எண். விடைக்கு அடியில் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கல். அந்தக் கல்லை முதலில் கண்டவர் எழுதிய மூலப்பத்திரம். பிறகு வந்த மறுப்பும் திருத்தமும் தேதியோடு. இவற்றையெல்லாம் தேடினால் கிடைக்கும்படி கோத்து வைக்கும் கிடங்கைத்தான் மேற்கோள் தரவுத்தளம் என்கிறோம்.

அமெரிக்காவில் மார்க் ஐசக் என்பவர் இதைச் செய்து காட்டியிருக்கிறார். பரிணாமத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை நூற்றுக்கணக்கில் திரட்டி, தத்துவம், உயிரியல், புதைபடிவம், நிலவியல் என்று வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். வாதத்தை யார் எங்கே சொன்னார், அதற்கு விடை என்ன, விடைக்கு ஆதாரம் எது என்பதை எண்ணுக்குக் கீழே எழுதினார். 2005இல் அது புத்தகமாகவும் வந்தது. தம்பி மகள் படியில் நின்று கேட்டதற்கு அவர் தொகுப்பில் சிசி150 என்று எண். ஒரு கேள்விக்கு எண் விழுந்துவிட்டால் அது கேட்டவரை விட்டுப் பிரிந்து தனியாக நிற்கும். "நீ அறிவிலி" "நீ நாத்திகன்" என்று ஆளைப் பார்த்துப் பேசுவது நின்று, சிசி150ஐப் பார்த்துப் பேச்சு நடக்கும்.

அந்தப் பதிவை நம் ஊரில் இருந்து எழுதினால் எப்படி இருக்கும்? முதல் வரியிலேயே கவனம் வேண்டும். கேள்வியை அதைக் கேட்டவர் பார்த்து, "ஆமாங்க, நான் கேட்டது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி எழுத வேண்டும். எதிராளியின் வாதத்தை நோஞ்சானாக்கி எழுதிவிட்டு அதை வீழ்த்துவது பதிவாகாது.

விடையைச் சொல்லப் பங்காளி முறையே போதும். ஒரு தாத்தாவுக்கு இரண்டு மகன்கள். ஒருவர் காங்கயத்தில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு தங்கிவிட்டார். இன்னொருவர் பீளமேட்டுக்கு மில் வேலைக்கு வந்தார். இன்று பீளமேட்டில் இருக்கும் பேரன் காங்கயத்துப் பேரனுக்குப் பிறந்தவன் இல்லை. "காங்கயத்தில் பங்காளி இன்னும் இருக்க, நீ எப்படிப் பீளமேட்டில் இருக்கிறாய்?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். காங்கயத்துப் பேரனும் தாத்தாவாகவே நின்றுவிடவில்லை. அவன் வாழ்க்கையும் மாறித்தான் போயிருக்கிறது. மருதமலைக் குரங்கும் நாமும் இப்படிப் பங்காளிகள். இருவருக்கும் பொதுவான தாத்தா ஏறக்குறைய இரண்டரை, மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் உயிர். அது இன்றைய குரங்கும் இல்லை, மனிதனும் இல்லை. அறிவியலில் அதைப் பொது மூதாதை என்பார்கள்.

இப்படிப் பிரிந்த பங்காளிகளைப் பார்க்கக் கோயம்புத்தூர்க்காரர் வெகுதூரம் போக வேண்டாம். ஆடி மாதம் நம் ஊருக்குள் காற்றை அனுப்பும் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறதே, மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கி.மீ. அகலத்துக்கு விழுந்த அந்த இடைவெளிக்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. உச்சிச் சோலைகளில் மட்டும் வாழும் சோலைக்கிளி என்ற சிறு பறவை இரு பக்கமும் உண்டு. (மலையாள வழக்கில் கிளி என்றால் பறவை. பச்சைக்கிளியை நினைக்க வேண்டாம்.) குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத பறவைக்குச் சூடான இந்தக் கணவாய் ஒரு கடல் மாதிரி. வலையில் பிடித்து ஒரு துளி இரத்தம் எடுத்து மரபணுவை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், வடக்குப் பறவையும் தெற்குப் பறவையும் நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்த தனி இனங்கள் என்று கண்டார்கள். 2017இல் இந்தப் பறவைகளுக்குச் 'சோலிகோலா' என்று புதிய பேரினப் பெயரே வைக்கப்பட்டது. வரையாட்டின் மரபணுவிலும், யானையின் மரபணுவிலும் இந்தக் கணவாய் கோடு கிழித்திருக்கிறது. வடக்கிலிருந்து தெற்கு வந்ததா, தெற்கிலிருந்து வடக்கு வந்ததா என்ற கேள்வியை விட, கணவாய்க்கு இருபுறமும் பரவியிருந்த ஒன்று இரண்டாகப் பிரிந்தது என்பதுதான் நம் சிசி150க்கு உதவும்.

பங்காளிகள் என்று சொல்லிவிட்டோம். எப்படித் தெரியும்? இந்த இடத்தில்தான் கல்லைத் தோண்ட வேண்டும்.

ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இது புதிதில்லை. உ.வே.சாமிநாதையர் ஒரு நூலைப் பதிப்பிக்கும் முன் ஊர் ஊராகப் போய்ப் பல பிரதிகளைச் சேர்த்தார். பார்த்து எழுதும் கை தவறும். ஓர் எழுத்து விழும், ஒரு வரி போகும். அந்த வேறுபாட்டைப் பாடபேதம் என்பார்கள். சரியான வரி இரண்டு சுவடியில் ஒன்றாக இருந்தால் அதில் ஒன்றும் தெரியாது, சரியானது எங்கும் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரே இடத்தில் ஒரே பிழை இரண்டிலும் இருந்தால்தான் செய்தி. இரண்டும் பிழைபட்ட ஒரே சுவடியைப் பார்த்து எழுதியவை. உறவைக் காட்டிக் கொடுப்பது பிழைதான்.

உடலுக்குள் இருக்கும் சுவடி டி.என்.ஏ. ஆடும் மாடும் தங்கள் கல்லீரலிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்கின்றன. நமக்கு நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ வேண்டும். குரங்குக்கும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். 1957இல் ஜே.ஜே. பர்ன்ஸ் மனிதன், குரங்கு, கினிப்பன்றி மூன்றிலும் வைட்டமின் சி தயாரிப்பின் கடைசிப் படி விடுபட்டிருக்கிறது என்று கண்டார். அப்படியென்றால் அந்தப் படியைச் செய்யும் மரபணு முன்பு இருந்து கெட்டுப்போயிருக்க வேண்டும், அதன் சிதைவு இன்னும் உள்ளே கிடக்க வேண்டும். 1994இல் நிஷிகிமியும் கூட்டாளிகளும் மனித டி.என்.ஏ.வில் அந்தச் சிதைந்த மரபணுவைக் கண்டெடுத்தார்கள். 1999இல் மனிதன், சிம்பன்சி, ஒராங்குட்டான், மக்காக் குரங்கு நான்கிலும் அந்தச் சிதைவின் ஒரு துண்டை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, நான்கிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்து விழுந்திருந்தது. மருதமலையில் தேங்காய் தின்றது மக்காக் வகையில் ஒன்றுதான். இந்த மூன்று ஆண்டுகளும் மூன்று மூலப்பத்திரங்கள். பதிவில் இவை வரிசையாக நிற்க வேண்டும். 1957இல் கண்டது 1994இல் கண்டதற்கு வழிகாட்டியது என்ற அந்த வரிசையே சான்றின் பாதி பலம்.

புதைபடிவத்தில் இடைவெளி இருக்கிறதே என்ற வாதத்துக்கு இன்னொரு எண் உண்டு. அதற்கும் கொங்கு நாட்டுச் சுவடியே எனக்கு நினைவுக்கு வரும். கொங்குவேளிர் செய்த பெருங்கதைக்கு முதற்பகுதியும் கடைசிப் பகுதியும் கிடைக்கவில்லை. நடுவில் கிடைத்ததைக் கொண்டு கதையின் போக்கு தெரிகிறது. கிடைக்காத ஏடு கிடைத்த ஏட்டைப் பொய்யாக்குவதில்லை.

எழுத்துப் பிழையைக் கொண்டு வம்சம் கண்டுபிடிக்கும் முறை ஒரு நீதிமன்றத்தையும் அசைத்திருக்கிறது. பென்சில்வேனியாவில் டோவர் என்ற ஊரின் பள்ளி வாரியம், 2004இல் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற கருத்தை உயிரியல் வகுப்பில் நுழைத்தது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். வாரியம் பரிந்துரைத்த புத்தகம் 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்'. அதன் பழைய கைப்பிரதிகள் வழக்கில் வெளியே வந்தன. பார்பரா ஃபாரஸ்ட் என்ற பேராசிரியர் அவற்றை ஒப்பிட்டார். 1987 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், படைப்புவாதத்தை அறிவியல் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிக்கச் சொல்லும் சட்டம் செல்லாது என்றது. அதற்கு முந்தைய பிரதிகளில் 'கிரியேஷனிஸ்ட்ஸ்' என்று இருந்த இடத்தில் பிந்தைய பிரதிகளில் 'டிசைன் ப்ரொபோனன்ட்ஸ்' என்று இருந்தது. ஒரு பிரதியில் மட்டும் மாற்றிய கை தவறி, பழைய சொல்லின் முதல் எழுத்து முன்னாலும் அதன் வால் பின்னாலும் ஒட்டிக்கொண்டு 'சிடிசைன் ப்ரொபோனன்ட்சிஸ்ட்ஸ்' என்று ஒரு சொல் நின்றது. இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஓர் இடைநிலை வடிவம்! அந்தப் பிரதிகளை எறியாமல் வைத்திருந்ததால்தான் அது கிடைத்தது.

அதே வழக்கில் மைக்கேல் பீஹே என்ற உயிர்வேதியியலாளர் சாட்சி சொன்னார். நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படிப் பரிணமித்தது என்பதற்கு அறிவியலில் விடையில்லை என்று அவர் முன்பே எழுதியிருந்தார். குறுக்கு விசாரணையில் அவர் முன் 58 ஆய்வுக் கட்டுரைகளும் 9 புத்தகங்களும் வைக்கப்பட்டன. அந்த அடுக்கு தானாக வந்து சேரவில்லை. எந்த வாதத்துக்கு எந்தக் கட்டுரை என்று முன்கூட்டியே தேடிக் கோத்து வைத்தவர்கள் இருந்தார்கள். 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் தந்த தீர்ப்பில் அந்த 58, 9 என்ற எண்ணிக்கையும் இடம்பெற்றது.

தரவுத்தளம் என்றதும் கம்ப்யூட்டர் நினைவுக்கு வருகிறது. எனக்கு நினைவுக்கு வருவது லாலி ரோட்டில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம். மெட்ராஸ் ஹெர்பேரியம் என்று உலகத் தாவரவியலாளர்கள் அறிந்த உலர் செடித் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. ஒரு தாள், அதில் அழுத்திக் காயவைத்து ஒட்டிய ஒரு செடி, மூலையில் சீட்டு. எந்த மலை, எவ்வளவு உயரம், எந்தத் தேதி, பறித்தவர் யார், அவர் இட்ட எண் என்ன. இப்படி லட்சக்கணக்கில் அலமாரிகளில் அடுக்கியிருக்கிறார்கள். கேம்பிளும் அவருக்குப் பின் ஃபிஷரும் 1915 முதல் 1936 வரை வெளியிட்ட சென்னை மாகாணத் தாவர நூலில் வரும் ஒரு பெயரைச் சந்தேகித்தால், உலர் செடித் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அங்கே நான் மிகவும் மதிக்கும் வழக்கம் ஒன்று. பின்னால் வரும் ஆய்வாளர், இந்தச் செடிக்கு இட்ட பெயர் தவறு என்று கண்டால் பழைய சீட்டைக் கிழிப்பதில்லை. தன் பெயரும் ஆண்டும் எழுதிய புதுச் சீட்டைப் பக்கத்தில் ஒட்டுவார். சில தாள்களில் மூன்று, நான்கு சீட்டுகள் வரிசையாக இருக்கும். அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்ட பாதை அப்படியே கண்ணுக்குத் தெரியும். படைப்பு, பரிணாம வாதத்தின் தரவுத்தளமும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன். பில்ட்டவுன் மனிதனை அதிலிருந்து நீக்கக் கூடாது. 1912இல் இங்கிலாந்தில் ஆதி மனிதனின் மண்டையோடு என்று காட்டினார்கள். 1953இல் அது மோசடி, மனித மண்டையோட்டோடு ஒராங்குட்டான் தாடையைச் சேர்த்துச் சாயம் ஏற்றியது என்று வெளிப்பட்டது. பரிணாமத்தை ஏற்பவர்கள் இதை மறைத்தால் அது எதிராளியின் கையில் ஆயுதமாகும். 1912 என்று ஒரு சீட்டு, 1953 என்று பக்கத்தில் இன்னொரு சீட்டு, கண்டுபிடித்தவர்கள் அதே துறையின் ஆய்வாளர்கள் என்ற குறிப்பு. பதிவு நேர்மையாகிவிடும்.

பில்ட்டவுன் மோசடி தொடங்கிய அதே 1912இல்தான் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பையும் காட்டு நாணலையும் இணைத்தார்கள். 1918இல் வெளிவந்த அந்தக் கலப்பினம் கோ 205. 'கோ' என்றால் கோயம்புத்தூர். வெள்ளைக்கு 80 குரோமோசோம், நம் ஊர் நாணலுக்கு 64. இருபுறமும் பாதிப் பாதி சேருவது வழக்கம். இந்தச் சேர்க்கையில் தாய்ப்பக்கம் 80ம் முழுதாக வந்து, தந்தைப்பக்கம் பாதியாக 32 வந்து, மொத்தம் 112 ஆயிற்று. தாய்க்கும் இல்லாத, தந்தைக்கும் இல்லாத எண்ணிக்கை, ஒரே தலைமுறையில். "புதிதாக ஒன்று உண்டானதை யார் பார்த்தார்கள்?" என்ற கேள்விக்கு எதிரே இதை எழுதலாம். எழுதும்போதே அதன் எல்லையையும் எழுத வேண்டும். இது மனிதக் கை நடத்திய சேர்க்கை. கரணை நட்டுப் பெருக்கப்படும் பயிர். இரண்டு இனம் கலந்து குரோமோசோம் எண்ணிக்கையே மாறிய செடி உயிரோடு நிலைக்கும் என்பது வரைதான் இது காட்டும். மீன் எப்படிக் கரையேறியது என்பதற்கு இது சான்றாகாது. ஒவ்வொரு சான்றுக்கும் 'எதுவரை' என்று ஒரு கட்டம் இல்லாவிட்டால் நல்ல சான்றும் அளவுக்கு மீறிச் சுமந்து முறியும்.

இந்த நிலையத்தில் 1930களில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள், பிறகு லண்டன் போய், சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். செடியின் பெயர், குரோமோசோம் எண்ணிக்கை, அதை எண்ணிச் சொன்னவர், ஆண்டு என்று போகும் அந்தத் தொகுப்பு கம்ப்யூட்டர் இல்லாத காலத்துத் தரவுத்தளம். விவாதத்தை நடத்தும் ஆர்வத்தில் நாம் அவரது பொறுமையைக் கற்றுக்கொள்ளத் தவறுகிறோம் என்று எனக்கு வருத்தம் உண்டு.

தமிழில் இதைக் கட்டும்போது வேறொரு முள் காலில் குத்தும். நாம் பரிணாமம் என்கிறோம். சிலர் படிவளர்ச்சி என்கிறார்கள், சிலர் படிமலர்ச்சி. இலங்கைப் பாடநூலில் அது கூர்ப்பு. நமக்கு இயற்கைத் தேர்வு, அவர்களுக்கு இயற்கைத் தெரிவு. பாதிப் பேர் பரிணாமத்தையும் பரிமாணத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்து மாணவி 'கூர்ப்பு' என்று தேடினால் கோவை மாணவி எழுதிய பதிவு அவளுக்குக் கிடைக்க வேண்டும். அதனால் ஒரு தலைச்சொல்லை வைத்து மற்ற எல்லாவற்றையும் அதோடு முடிச்சுப் போட வேண்டும். 'தியரி' இன்னும் மோசம். நம் பிள்ளைகளுக்குத் தியரி என்றால் பிராக்டிகலுக்கு எதிர்ப்பதம், செய்து பார்க்காதது. "பரிணாமம் வெறும் தியரிதானே" என்ற வாதம் தமிழ்நாட்டில் இந்த வழியாகவும் நுழைகிறது. பல சான்றுகளை ஒன்றாகக் கட்டி நிறுத்தும் விளக்கத்துக்குக் கோட்பாடு என்றும், சோதிக்கக் காத்திருக்கும் ஊகத்துக்குக் கருதுகோள் என்றும் தமிழ் பிரித்தே வைத்திருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து ஜி.ஆர். தாமோதரன் நடத்திய 'கலைக்கதிர்' இப்படிச் சொற்களைத் தீட்டித் தீட்டித் தந்த இதழ். ஈரோட்டில் 1925இல் தொடங்கிய 'குடி அரசு' ஏட்டில் சிங்காரவேலர் அறிவியல் எழுதினார். நம் தரவுத்தளத்துக்கு அந்தப் பழைய ஏடுகளும் மூலப்பத்திரங்கள்தான்.

தரவுத்தளத்தில் சேர்க்கவே கூடாதது தலைக் கணக்கு. டார்வினைச் சந்தேகிக்கும் விஞ்ஞானிகள் என்று அமெரிக்காவில் 2001 முதல் ஒரு கையெழுத்துப் பட்டியல் சுற்றியது. அதற்கு மறுமொழியாக 2003இல், பரிணாமத்தை ஏற்கும் விஞ்ஞானிகளில் ஸ்டீவ் என்று பெயர் உள்ளவர்களை மட்டும் சேர்த்து ஒரு பட்டியல் தொடங்கினார்கள். அதுவே ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கையெழுத்தை எண்ணி உண்மை தீராது என்று காட்டத்தான் அதைச் செய்தார்கள். இந்தியாவிலும் 2018 ஜனவரியில் மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் கோட்பாடு தவறு என்றார். மூன்று தேசிய அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுத்தன. 2023இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தபோது 1800க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் பதிவில் அமைச்சரின் வாசகத்துக்கு எதிரே 1800 என்று எழுத மாட்டேன். 1957, 1994, 1999 என்று எழுதுவேன்.

கடவுள் உண்டா என்ற கேள்விக்கு இதில் கட்டம் கிடையாது. மலை ஏறிச் சாமி கும்பிடப் போகும்போதுதான் தம்பி மகள் கேட்டாள். கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் ஓர் அட்டையை எடுத்து அவளையே எழுதச் சொன்னேன். கேள்வி, விடை, சான்று, மூலம், எதுவரை, திருத்தம். பாடபேதமும் வைட்டமின் சியும் அவளுக்கு உடனே பிடித்துப்போயின. எழுதிக்கொண்டே வந்தவள் நடுவில் பேனாவை வைத்தாள்.

"பெரியப்பா, கினிப்பன்றிக்குந்தான் வைட்டமின் சி வராதுன்னீங்க. அப்போ அதும் நமக்கு நெருங்குன பங்காளியா?"

கினிப்பன்றியின் மரபணுவும் கெட்டதுதான். ஆனால் அது கெட்ட விதம் வேறு, விழுந்துபோன துண்டுகள் வேறு. தனியாக, வேறொரு காலத்தில் நடந்த விபத்து. இரண்டு சுவடியிலும் பிழை இருக்கிறது, ஆனால் ஒரே பிழை இல்லை. இதை முதல் அட்டையில் நுழைக்க இடம் போதவில்லை. அவள் புது அட்டை ஒன்று எடுத்து, மேலே 2 என்று போட்டாள்.